ஆறு துளை ஒயரை மாட்டினேனா

என் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மொத்தம் எத்தனை ஒயர் ஓடுகிறது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அவற்றில் ஒன்றே ஒன்றைப் பற்றிப் பதினோரு நாள் யோசித்திருக்கிறேன். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, மகளுக்குத் தலை வாரும்போது. அதை நான் மாட்டினேனா, மாட்டவில்லையா? இவ்வளவுதான் கேள்வி. ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வேண்டிய இந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை.

கட்டாத வீட்டைக் கட்டி முடித்ததுபோல் காட்டுவது என் தொழில். வரைபடத்தைக் கொடுத்தால் கம்ப்யூட்டரில் சுவர் எழுப்பி, தரை போட்டு, திரைச்சீலை மாட்டி, ஜன்னல் வழியாக வெயில் விழவைத்து, யாரோ உள்ளே நடந்து போவதுபோல் வீடியோவாக எடுத்துத் தருவேன். சென்னையில் ஆறு வருஷம் இதைச் செய்தேன். கல்யாணமாகி, மகள் பிறந்து, போடிக்கு வந்து சேர்ந்த பிறகு இரண்டரை வருஷம் எதுவும் செய்யவில்லை. அப்போதுதான் கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்துக்காரர்கள் ஒரு சோதனை வேலை கொடுத்தார்கள். இரண்டு நிமிஷ வீடியோ. சொன்ன சனிக்கிழமைக்குள் முடித்துக் கொடுத்தால், வீட்டிலிருந்தபடியே தொடர்ந்து வேலை.

அந்த வேலை எனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகள் பிறந்ததிலிருந்து வீட்டில் எனக்கு மறதிக்காரி என்று பெயர். பால் பொங்கி வழிந்தால் நான்தான். கேஸை மூடாமல் விட்டால் நான்தான். சில சமயம் நிஜமாகவே நான்தான். என் மாமியார் இதற்காகத் திட்டியதே இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். அவர் பரிவாகச் சொல்வார். பிள்ளை பெற்ற உடம்பு, ஞாபகம் அப்படி இப்படித்தான் இருக்கும், நீ போய் உட்காரு தாயி என்பார். பரிவோடு பேசுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? நாளாக ஆக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் தலை இன்னும் பழைய தலைதானா என்று தெரிந்துகொள்ள அந்த இரண்டு நிமிஷ வீடியோவை விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கம்ப்யூட்டர் என்னுடையது, சென்னையிலிருந்து கொண்டுவந்தது. வெயிலையும் நிழலையும் கணக்கிட்டுப் படமாக்குவது அதற்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டுகள். இரண்டு கார்டு வைத்திருந்தேன். அவற்றை மட்டும் நம்பினால் சொன்ன நாளில் முடியாது என்று தெரிந்ததும் மூன்றாவதாக ஒன்று வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே பெட்டியைத் திறந்து மாட்டினேன். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தார்.

அந்த ஒயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதர்போர்டு என்கிற பெரிய பலகைக்கு இருபத்துநாலு துளை உள்ள தடித்த சொருகி வழியாக மின்சாரம் வரும். கார்டுகள் அந்தப் பலகையில்தான் செருகி நிற்கும். ஒவ்வொரு கார்டுக்கும் தனியாக ஒரு ஒயர் போனாலும், பலகையிடமிருந்தும் அது கொஞ்சம் உறிஞ்சும். ஒரு கார்டு, இரண்டு கார்டு என்றால் பலகை தாங்கிக்கொள்ளும். மூன்று சேர்ந்து உறிஞ்சினால் அந்தத் தடித்த சொருகியில் இரண்டு மஞ்சள் ஒயர்கள்தான் அத்தனையையும் சுமக்க வேண்டும். அதனால் கார்டுகளுக்குப் பக்கத்திலேயே ஆறு துளையோடு இன்னொரு சின்ன சாக்கெட் வைத்திருப்பார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கார்டு போட்டால் இதிலும் மின்சாரம் கொடு என்று கையேட்டில் ஒரே ஒரு வரி இருக்கும். கொடுக்காவிட்டாலும் கம்ப்யூட்டர் ஓடும், விளக்கெல்லாம் எரியும், விசிறியெல்லாம் சுற்றும். ஒன்றும் குறை தெரியாது. அதன் சூதே அதுதான்.

என் கணவருக்குப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவுக்குள், கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. காலையில் ஜீப்பில் ஏறினால் சாயங்காலம்தான் வருவார். மோட்டார், ஓஸ், வால்வு எதுவானாலும் பிரித்து மாட்டுவார். அன்று டார்ச் பிடித்துக்கொண்டே, பலகைக்குத்தான் ஏற்கெனவே பெரிய ஒயர் போகிறதே, இந்தச் சின்ன ஒயர் எதற்கு என்று கேட்டார். இதுவும் அதே பலகைக்குத்தான், கூடுதல் மின்சாரம் என்றேன். ஒரே இடத்துக்கு இரண்டு பக்கமிருந்து விட்டால் ஒன்றை ஒன்று தள்ளாதா என்றார். எனக்குக் கழுத்து வலி, கையில் திருகாணி, வாயில் இன்னொரு திருகாணி. இது உங்கள் தோட்டத்து மோட்டார் இல்லை, தெரியாத விஷயத்தில் வாயை விடாதீர்கள் என்று சொன்னேன். அவர் டார்ச்சை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கேரளாவில் ஹர்த்தால், முழுக் கடையடைப்பு. ஜீப்பு மேலே போகவில்லை என்று அவர் வீட்டில் இருந்தார். நான் மகளைக் கூட்டிக்கொண்டு சிலமலையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, வேலையை ஓடவிட்டேன். இரண்டு மணி நேரம் அருமையாக ஓடியது. மூன்றாவது மணி நேரத்தில் திரை கறுத்தது. கம்ப்யூட்டர் தானாக அணைந்து, தானாக எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல் நின்றது.

அடுத்து வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் தலை சுற்றுகிறது. சின்ன வேலை கொடுத்தால் ஓடும். பெரிய வேலை கொடுத்தால் நிற்கும். ஒரு தடவை நாற்பது நிமிஷத்தில் நின்றது, இன்னொரு தடவை மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்தது. வோல்டேஜ் என்று நினைத்து ஸ்டெபிலைசரை மாற்றினேன். சூடு என்று நினைத்துப் பெட்டிக்கு முன்னால் மேசை விசிறியை வைத்தேன். மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். மூன்றாவது கார்டுதான் கோளாறு என்று முடிவுகட்டி அதைக் கழற்றினால் மற்ற இரண்டும் சமர்த்தாக ஓடின. அதை மட்டும் போட்டு ஓட்டினால் அதுவும் சமர்த்தாக ஓடியது. மூன்றையும் ஒன்றாகப் போட்டால் நின்றது. எங்கள் சொந்தக்காரர்களில் சில பேர் இப்படித்தான். தனித்தனியாக வந்தால் தங்கமான மனிதர்கள்.

மதுரையில் கார்டு வாங்கிய கடைக்குப் போன் செய்தேன். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கார்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆறு துளை சாக்கெட்டில் ஒயர் மாட்டியிருக்கிறீர்களா என்று விசாரித்தார். எனக்குச் சுருக்கென்றது. பொம்பளை குரல் கேட்டதும் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கிறார் என்று நினைத்தேன். மாட்டியாயிற்று என்றேன். எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் மேடம் என்றார். நானே மாட்டினேன், நான் ஏன் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்றைக்குக் குனிந்து பார்த்திருந்தால் இதை எழுதவேண்டிய வேலையே இருந்திருக்காது. கார்டுகளைக் கழற்றி மாட்டியபோதுகூட நான் அந்த மூலையைப் பார்க்கவில்லை. சந்தேகமே இல்லாத இடத்தை யார் பார்ப்பார்கள்?

அடுத்த வாரம் புதன்கிழமை காலையில், கணவர் தோட்டத்துக்குப் போன பிறகு, என் மாமியார் ஏதோ தீய்கிறது என்றார். வீட்டில் எல்லாரும் அடுப்படிக்கு ஓடினோம். நான்தான் பாலை வைத்துவிட்டு மறந்திருப்பேன் என்று நானே நினைத்து முதல் ஆளாக ஓடினேன். அடுப்பு அணைந்து கிடந்தது. முன்னறையில் விற்பனைக்குப் போகவேண்டிய ஏலக்காய் மூட்டைகள் அடுக்கியிருந்ததால் அந்த வாசத்தில் வேறு எதையும் பிரித்தறிய முடியவில்லை. என் அறைக்கதவைத் திறந்த பிறகுதான் பிளாஸ்டிக் கருகிய நாற்றம் அடித்தது. சுவிட்சை அணைத்து, பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன். அந்தத் தடித்த சொருகியில் மஞ்சள் ஒயர்கள் போகும் இடம் காப்பி நிறத்தில் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. டார்ச்சைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். கார்டுகளுக்குப் பக்கத்தில் அந்த ஆறு துளை சாக்கெட் காலியாக இருந்தது.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு ஏதாவது சாக்கெட்டைப் பார்க்கிறேனா என்று கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அதேதான். அதற்குரிய ஒயர் பெட்டியின் பின்பக்கம் அழகாக மடித்து, கடையில் வரும்போது கட்டியிருக்கும் காகிதக் கம்பியாலேயே கட்டி வைக்கப்பட்டிருந்தது. பெட்டியிலிருந்து எடுத்த நாளிலிருந்து யாரும் தொடாததுபோல் இருந்தது அது.

மாட்டினேன் என்றுதான் என் ஞாபகம் சொன்னது. டக் என்ற சத்தம்கூடக் காதில் இருந்தது. ஆனால் கார்டுகளுக்குப் போகும் சொருகிகளும் பார்வைக்கு ஏறக்குறைய அதேபோலத்தான் இருக்கும், அவையும் டக் என்றுதான் சொல்லும். நான் கேட்டது எந்த டக்? அன்று பெட்டியை மூடியதும் போனில் ஒரு படம் எடுத்திருந்தேன். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாக்கெட் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடியில் விழுந்த என் முகம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. மகள் பிடுங்கியிருப்பாளா என்று யோசித்தேன். அவளுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை, கண்ணாடியைக் கழற்றி ஒயரை மடித்துக் கட்டி வைக்கும் குழந்தை இன்னும் பிறக்கவில்லை. எலி என்று யோசித்தேன். எலி கடிக்கும், கட்டி வைக்காது. எல்லா வழியிலும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் வாசலில் நான்தான் நின்றேன்.

பலகையைத் தேனியில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். கருகிய சாக்கெட்டை எடுத்துவிட்டுப் புதிது வைக்க ஒரு வாரம் ஆகும் என்றார். கோயம்புத்தூருக்கு மின்னஞ்சல் எழுதினேன். இயந்திரத்துக்குக் கொடுக்கவேண்டிய ஒரு மின்னிணைப்பைக் கொடுக்க மறந்துவிட்டேன், தவறு முழுக்க என்னுடையது, கூடுதலாகப் பத்து நாள் வேண்டும் என்று. அங்கிருந்த பெண்மணி உடனே பதில் எழுதினார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி, வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டோம், பிறகு பார்க்கலாம் என்று மிகவும் அன்பாக எழுதியிருந்தார். அந்த வருஷம் என்னிடம் எல்லாரும் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள்.

அன்று மதியச் சாப்பாட்டின்போது வீட்டில் சொன்னேன். கணவர் தோட்டத்திலிருந்து சீக்கிரமாகவே வந்திருந்தார். கூடுதல் ஒயரை மாட்ட மறந்துவிட்டேன், அதனால் பலகை கருகிவிட்டது, அதனால் வேலையும் போய்விட்டது என்றேன். அவர் கையில் எடுத்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் தட்டிலேயே வைத்தார். எனக்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மாமியார் என் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசத்தை ஊற்றி, "விடு தாயி, பிள்ள பெத்த ஒடம்பு. இன்னும் ரெண்டு வருசம் போனா சரியாயிரும்" என்றார். அழுகை வந்தது. ரசத்தில் காரம் அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு மாதிரி ஆகிவிட்டேன். கேஸை மூடிவிட்டு, மூடியதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வேன். கடைத்தெரு வரை போய்விட்டு, கதவைப் பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வருவேன். மகளுக்கு மருந்து கொடுத்த உடனே, கொடுத்தேனா என்று மாமியாரிடம் கேட்பேன். அவர் ஆமாம் என்பார். அப்படியும் நம்பிக்கை வராது. மாட்டியதாக அவ்வளவு தெளிவாக ஞாபகம் இருந்த ஒன்றே நடக்கவில்லை என்றால், மங்கலாக ஞாபகம் இருப்பதை எப்படி நம்புவது? பயமாக இருந்தது. யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

பலகை தேனியிலிருந்து சரியாகித் திரும்பி வந்தது. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் அதை மாட்டவில்லை. எல்லாவற்றையும் விற்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். இனித் தோட்டத்துச் சோலியில் என்னால் ஆனதைப் பார்க்கிறேன், காய் பொறுக்குவதற்கு ஞாபகசக்தி வேண்டாம் என்று மாமியாரிடம் சொன்னேன். மூன்று கார்டுகளையும் கூடத்தில் பரப்பிவைத்து, ஒவ்வொன்றாகக் காற்றுக்குமிழ்த் தாளில் சுற்றிக்கொண்டிருந்தேன். கணவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். சுற்றிய ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இத விக்க வேணாம்" என்றார்.

நான் அடுத்ததைச் சுற்றினேன்.

"அந்த ஒயர நீ மாட்டித்தான் இருந்த. நாந்தான் புடுங்குனேன்."

அவர் சொல்லச் சொல்ல விஷயம் துண்டு துண்டாக வந்தது. போன வருஷக் கோடையில் தோட்டத்து மேல்பாத்திக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று ஒரே குழாயில் நடுவில் இன்னொரு மோட்டாரையும் இணைத்தார்களாம். பலத்த மோட்டார் தள்ளிய தண்ணீர் சின்ன மோட்டாருக்குள் புகுந்து, அது திருப்பிச் சுற்றி, உள்ளே இருந்த கம்பிச்சுருள் கருகிப்போனதாம். அது எனக்கும் தெரியும். மோட்டார் போனது தெரியும், ஏன் போனது என்று நான் கேட்டதில்லை. ஹர்த்தால் அன்று வீட்டில் சும்மா இருந்தபோது, ஒரே பலகைக்கு இரண்டு பக்கமிருந்து மின்சாரம் போகிறதே, குழந்தை இருக்கும் வீட்டில் தீப்பிடித்தால் என்ன ஆவது என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி, அந்த ஒயரைப் பிடுங்கி, மடித்துக் கட்டி வைத்துவிட்டார். கம்ப்யூட்டரைப் போட்டும் பார்த்திருக்கிறார். மூன்று கார்டிலும் விசிறி சுற்றியது. இது தேவையே இல்லாத ஒயர்தான் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு ஒயரும் ஒரே பவர் சப்ளையிலிருந்துதான் வருகின்றன, அது இரண்டு மோட்டார் இல்லை, ஒரே தொட்டியிலிருந்து இறங்கும் இரண்டு குழாய் என்று சொன்னேன். அவர் யோசித்தார். "அப்பிடின்னா தள்ளாது" என்றார். அன்றைக்கு டார்ச் பிடித்துக்கொண்டு அவர் கேட்டபோது இந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருக்கலாம்.

"மொதல்லயே ஏன் சொல்லல?"

"வாய விடாதீங்கன்னு நீ சொன்னேல்ல. எடுத்துட்டேன்னு சொன்னா நீ வள்ளுன்னு விழுவன்னு இருந்துட்டேன். அது கருகிருச்சுன்னு ஆத்தா போன்ல சொன்னதும் உங்கிட்ட சொல்லத்தான் வந்தேன் அன்னைக்கு, வெரசா வந்ததே அதுக்குத்தான். நீ என்னமோ எல்லாத்துக்கும் முன்னால மறந்துட்டேன்னு சொல்லிட்ட. அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் கூடக் கஷ்டமாப் போச்சு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அது வரத்தான் செய்தது, ஆனால் பின்னால்தான் வந்தது, வந்து நாலு நாள் தங்கியும் இருந்தது. அந்த நிமிஷத்தில் வந்தது வேறு. ஒரு வேலை கையைவிட்டுப் போயிருக்கிறது, பதினோரு நாள் தூங்கவில்லை, காரணமானவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், எனக்கோ சந்தோஷம். ஆனால் அதை முழுசாக நம்பவும் பயமாக இருந்தது. எனக்கு இன்னும் ஒன்று தெரியவேண்டியிருந்தது. மாட்டினேன் என்றால் அரைகுறையாக மாட்டியிருக்கலாம், சும்மா செருகி வைத்திருக்கலாம். அப்படியானால் அதுவும் மறதிதானே?

"மாமா, நீங்க புடுங்குறப்ப அது எப்பிடி இருந்துச்சு? லூசா இருந்துச்சா?"

"லூசாவா? அந்தக் கொக்கிய அமுக்கி எடுக்குறதுக்குள்ள எனக்குப் பெருவெரல் நகம் ஒடஞ்சு போச்சு."

நான் அவருடைய வலது கையை இழுத்துப் பார்த்தேன். பெருவிரல் நகத்தின் ஓரம் இன்னும் முழுசாக வளராமல் கோணலாக இருந்தது. அந்த மூன்று வாரமும் இதே கைக்குத்தான் சாப்பாடு போட்டிருக்கிறேன், பார்க்கவில்லை. அழுதேன். அவர் பயந்துபோய், கோயம்புத்தூருக்கு வேண்டுமானால் நானே பேசி மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அங்கே சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர்களுக்கு என்னைத் தெரியாது.

மாமியார் அடுப்படியில் இருந்தார். குக்கர் விசில் அடித்து ஓய்ந்திருந்தது. அவரிடம் போய்ச் சொல்லுங்கள் என்றேன். இப்பவேயா என்று கேட்டார். இப்போதே, எனக்குக் கேட்கிற மாதிரி என்றேன். கணவர் மடியிலிருந்த கார்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். வாசல்படியில் கொஞ்சம் தயங்கி நின்றார். பிறகு அவர் குரல் கேட்டது.

"ஆத்தா, அவ மறக்கல."